லீலண்டில் முதல் வருஷம்: மிசிசிப்பி டெல்டாவுக்குக் குடிவரும் தமிழர்களுக்கு

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் விமானம் இறங்கினால் அங்கிருந்து லீலண்டுக்குக் காரில் இரண்டு மணி நேரம். யாஸூ சிட்டி வரைக்கும் மேடும் மரமுமாக வரும். அதைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் நிலம் பாய் விரித்ததுபோல் தட்டையாகிவிடும். பருத்தி, சோயா, மக்காச்சோளம், நெல், நடுநடுவே கெளுத்தி மீன் வளர்க்கும் குளங்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெயிலில் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்த இந்த மண்ணைப் பார்த்ததும் அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து ஸ்டோன்வில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வருபவர்கள், ஜே-1 விசாவில் பயிற்சி முடித்து, டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருஷம் வேலை பார்க்க ஒப்புக்கொண்டு வரும் டாக்டர்கள், அவர்களுடைய குடும்பத்தார், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். லீலண்டில் ஏறக்குறைய நாலாயிரம் பேர். பெரிய கடைக்கும் மற்ற வேலைகளுக்கும் கால் மணி நேரத்தில் கிரீன்வில் போகலாம்.

முதல் வேலை கார் ஓட்டக் கற்பது. வேலைக்குப் போகிறவர் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவரும் கற்க வேண்டும். நான் வந்த புதிதில் நாலு மாதம் ஓட்டத் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பஸ் கிடையாது. நடந்து போகலாமென்றால் ஜூலை வெயில் நம் ஊர் சித்திரையைப்போல, புழுக்கம் அதைவிட மோசம். அந்த நாலு மாதத்தில் என் மனசு பட்ட பாடு இன்னொரு பெண்ணுக்கு வரக்கூடாது. மனைவியின் லைசென்ஸை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டும்போது இரண்டு விஷயம். மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு போட்டு நின்றால் பின்னால் வருபவர் மட்டுமல்ல, இருவழிச் சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். அது சட்டம். இன்னொன்று ஊர் வழக்கம். சவ ஊர்வலம் வந்தால் எதிரே வரும் கார்கள் எல்லாம் ஓரங்கட்டி நின்றுவிடும். செத்தவர் யார், எந்த நிறம் என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்களும் நில்லுங்கள். முதல் தடவை அப்படி நின்றபோதுதான் இது நம் ஊரைப்போல ஒரு ஊர் என்று எனக்குத் தோன்றியது.

மனிதர்கள்

எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அது உங்களுக்குத்தான். பதிலுக்கு நீங்களும் தூக்குங்கள். கடையில் முன்பின் தெரியாதவர் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டு, அவரையும் விசாரியுங்கள். தலையைக் குனிந்துகொண்டு போனால் கர்வம் என்று நினைப்பார்கள். கூச்சம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வயதில் மூத்த பெண்களை "மிஸ்" சேர்த்து முதல் பெயரால் கூப்பிட வேண்டும். நாம் அக்கா, அத்தை என்று முறை வைப்பதுபோல. பிள்ளைகள் பெரியவர்களிடம் "யெஸ் மேம்", "நோ சார்" என்றுதான் பேச வேண்டும். வெறும் "யா" சொல்கிற பிள்ளையை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். பேச்சு புரிய ஆறு மாதமாவது ஆகும். "உன்னைக் கடைக்கு கேரி பண்ணுகிறேன்" என்றால் காரில் கூட்டிப்போகிறேன் என்று அர்த்தம். மூத்தவர்கள் "டின்னருக்கு வா" என்றால் அது மத்தியானச் சாப்பாடாக இருக்கலாம். நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எந்தச் சர்ச்சுக்குப் போறீங்க?" என்பது அறிமுகமான இரண்டாவது நிமிஷத்தில் வரும் கேள்வி. நம் ஊரில் "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை" என்று கேட்பதுபோலத்தான் அதுவும், வம்பு இல்லை. "நாங்கள் இந்துக்கள், ஜாக்சனுக்குப் பக்கத்தில் பிராண்டனில் எங்கள் கோயில் இருக்கிறது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். கிறிஸ்தவர்களாக இருந்தால் ஒரே சபையோடு நின்றுவிடாமல், கறுப்பினத்தவர் சபை, வெள்ளையர் சபை இரண்டுக்கும் ஒரு ஞாயிறாவது போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கூடுகிறார்கள்.

வீட்டில் குழந்தை பிறந்தாலோ துக்கம் நடந்தாலோ அக்கம்பக்கத்தார் மூடிய பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவார்கள். என் அப்பா தவறிய செய்தி வந்த வாரம் எங்கள் வீட்டு மேசையில் ஏழு பாத்திரங்கள் இருந்தன. இறைச்சி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்த ஒருவர் சீஸ் மட்டும் போட்டு மாக்கரோனி செய்து தந்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா சொல்வாள். கேசரி செய்து நிரப்பிக் கொடுத்தேன். அதிலிருந்துதான் எனக்கு இங்கே உறவுகள் தொடங்கின.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

வந்த ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருவர், சில சமயம் நம் ஆளே, "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று புத்தி சொல்வார். அந்தப் பக்கம் என்றால் கறுப்பினத்தவர் வசிக்கும் தெருக்கள். இந்தப் புத்திமதியை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். இந்த வயல்களைக் காடு வெட்டித் திருத்தியதும், பருத்தி எடுத்ததும் அவர்களுடைய முன்னோர்கள். ப்ளூஸ் இசை வளர்ந்த மண் இது. ஓட்டுரிமைக்காகச் சிறையில் அடி வாங்கிய ஃபேனி லூ ஹேமர், வடக்கே ரூல்வில்லில் வாழ்ந்தவர். அந்தத் தெருக்களில்தான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவர் வீடு இருக்கிறது.

இங்கு குடிவந்த ஆசியர்களில் நாம் முதல் ஆட்கள் அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிறகு சீனர்கள் வந்து டெல்டா முழுக்க மளிகைக் கடை வைத்தார்கள். ரோஸ்டேல் ஊரில் ஒரு சீனச் சிறுமியை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது குடும்பம் வழக்குப் போட்டது. 1927இல் உச்ச நீதிமன்றமும் மறுப்பது சரிதான் என்றது. நம் பிள்ளை இன்றைக்கு எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ.

பள்ளி விஷயத்திலும் இதே கதைதான். 1970ஐ ஒட்டி அரசுப் பள்ளிகளில் இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்தபோது, டெல்டா ஊர்களில் வெள்ளையர்கள் "அகாடமி" என்ற பெயரில் தனியார் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவு இன்னமும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள், ஆசிரியர்களோடு பேசுங்கள், அப்புறம் முடிவெடுங்கள். நாங்கள் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வீடும் வானமும்

வாடகை வீடு பெரும்பாலும் வாய்வழியாகத்தான் கிடைக்கும். ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். பார்க்கப் போகும்போது சுவர் மூலைகளையும் கதவுகளையும் கவனியுங்கள். கரிசலைப்போலவே இந்தக் களிமண்ணும் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அதனால் அஸ்திவாரம் அசைந்து சுவர் விரியும், கதவு மூடாது. கிரீன்வில் பக்கம் குழாய்த் தண்ணீர் வெளிர் டீ நிறத்தில் வந்தால் பயப்படாதீர்கள், நிலத்தடியில் மக்கிய தாவரச் சத்து கலந்த நிறம் அது. வெள்ளை வேட்டியை மட்டும் அதில் துவைக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் பருத்தி எடுப்பதற்கு முன்னால் இலை உதிர்க்கும் மருந்தை விமானத்திலிருந்து தெளிப்பார்கள். அந்த வாரங்களில் துணியை வெளியே காயப்போட வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி வரும் என்றால், ராத்திரி குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் குழாய் வெடித்துவிடும்.

டொர்னாடோ என்கிற சுழல் சூறைக்காற்று பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 24 இரவு எட்டு மணி வாக்கில், இங்கிருந்து 61ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ரோலிங் ஃபோர்க்கைச் சூறைக்காற்று தரைமட்டமாக்கியது. வீடுகளோடு பல உயிர்களும் போயின. மறுநாள் நாங்கள் தண்ணீர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு போனோம். கல்தரை மட்டும் மிஞ்சி நின்ற வீடுகளை இன்னும் மறக்க முடியவில்லை.

டொர்னாடோ "வாட்ச்" என்றால் வரக்கூடும், கவனமாக இருங்கள் என்று பொருள். "வார்னிங்" என்றால் வந்துகொண்டிருக்கிறது, அந்த நொடியே ஒளிய வேண்டும். ஊர்ச் சங்கு வீட்டுக்குள் தூங்குபவருக்குக் கேட்காது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆற்று வண்டல் நிலம் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத அறை எது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். அங்கே ஒரு பையில் பாஸ்போர்ட், விசா தாள்கள், மருந்து, டார்ச். பிள்ளைகளுக்கு ஷூவும் சைக்கிள் ஹெல்மெட்டும் மாட்டிவிடுங்கள். மொபைல் ஹோமில், அதாவது வண்டியில் இழுத்துவந்து வைக்கும் லேசான வீட்டில், இருப்பவர்கள் வாட்ச் வந்ததுமே கிளம்பிக் கெட்டியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

உடம்புக்கு வந்தால் சாதாரண நோய்க்கு இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பெரிய சிகிச்சைக்கு ஜாக்சன் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனைதான். கர்ப்பமாக இருப்பவர்கள் முதல் மாதங்களிலேயே எங்கே பிரசவம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், டெல்டாவில் பிரசவப் பிரிவை மூடிவிட்ட மருத்துவமனைகள் உண்டு.

அடுப்படி

சாப்பாட்டில் தவிக்க வேண்டியதில்லை. கோடையில் ரோட்டோரம் வெண்டைக்காய், தட்டைப்பயறு, தர்பூசணி விற்பார்கள். கருப்புக் கண் வைத்த காராமணி எல்லாக் கடையிலும் கிடைக்கும். காலர்ட் கீரையைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் நன்றாக இருக்கும். ஆனால் உணவகத்தில் கீரை, பயறு, பீன்ஸ் எதையும் காய்கறிதானே என்று வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். சைவக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இட்லி அரிசி, உளுந்து, புளி, பெருங்காயம் வாங்க ஜாக்சன் பக்கம் போக வேண்டும். நாங்கள் நாலு குடும்பம் மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் கிளம்பி, பிராண்டன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கறிவேப்பிலையை ஐஸ் பெட்டியில் வைத்து இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். வண்டியில் இரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்கும். வந்ததும் சொல்லுங்கள்.