பழைய அளவைப் பாயின்டாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுக்கிறேன். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பழைய வரைபடத்தையோ புத்தகத்தையோ கொண்டுவந்து, "இதே அளவுல வேணுங்க" என்பார்கள். அந்த அளவை மென்பொருளுக்காகப் பாயின்டாக மாற்ற வேண்டும்; பாயின்ட் என்பது அச்சு வேலையின் சின்ன அலகு, இன்றைய மென்பொருளில் அங்குலத்துக்கு 72. பெருக்கலைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் தப்பு நடக்கிறது.

ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தைக் காட்டும் பழைய கிராம வரைபடம் ஒருமுறை வந்தது. மைலுக்கு 16 அங்குலம் என்று வரைந்தது; சென்னை மாகாணக் கிராம வரைபடங்களில் வழக்கமான அளவு. தூரமெல்லாம் சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். மைலுக்கு 80 சங்கிலி. அந்த 80 சங்கிலி தாளில் 16 அங்குலம் என்றால், ஒரு சங்கிலிக்கு 0.2 அங்குலம், அதாவது 14.4 பாயின்ட். 50 சங்கிலி நீளமுள்ள எல்லைக்கோடு 720 பாயின்ட், சரியாக 10 அங்குலம்.

கூட வேலை பார்த்த தம்பி அதையே 722.7 என்று போட்டிருந்தார். கணக்கில் பிழை இல்லை. அவர் பழகியது டெக் (TeX) என்ற பக்கம் கோக்கும் மென்பொருள். அதில் அங்குலத்துக்கு 72.27 பாயின்ட். அந்த எண்ணை 72 கணக்கில் ஓடும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் தட்டியதும் கோடு 2.7 பாயின்ட் நீண்டுவிட்டது. தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நிலத்தில் அது 12 அடிக்கு மேல்! மலைச்சரிவில் ஒரு வண்டிப்பாதையே அந்த அகலம்தான்.

பாயின்ட் என்று ஒரே பேரில் மூன்று அளவு இருப்பதுதான் காரணம். 1886இல் அமெரிக்க எழுத்து வார்ப்பாளர்கள் 83 பைக்காவை 35 சென்டிமீட்டருக்குச் சமமாக வைத்தார்கள். ஒரு பைக்கா 12 பாயின்ட். அந்தக் கணக்கில் பாயின்ட் 0.3514 மில்லிமீட்டர் ஆகிறது; டெக் பிடித்துக்கொண்டது ஏறத்தாழ இதைத்தான். 1980களில் பிரின்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வந்தபோது அங்குலத்தை நேராக 72ஆகப் பிரித்தது, அது 0.3528. ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் டிடோ பாயின்ட் பிரெஞ்சு அரச அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு. அந்த அங்குலம் 25.4 இல்லை, ஏறத்தாழ 27.07 மில்லிமீட்டர். அதனால் டிடோ 0.376. பழைய பிரெஞ்சு நூலில் '12 பாயின்ட்' என்று பார்த்ததும் நம் மென்பொருளில் 12 போட்டால் எழுத்து சிறுத்துவிடும், 12.8 போட வேண்டும்.

லிங்க்கிலும் இதே வம்பு உண்டு. பழைய லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20.1168 சென்டிமீட்டர். மெட்ரிக் லிங்க் சரியாக 20. எது என்று பார்க்காமல் 50 சங்கிலியை மாற்றினால் நிலத்தில் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகும். வரைபடத்தின் தேதியையும் குறிப்பையும் முதலில் படியுங்கள். அப்புறம், பழைய தாள் சுருங்கியிருக்கும், ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மாறும். வரைபடத்திலேயே அளவுகோல் கோடு இருந்தால் அதை அளந்து விகிதம் கண்டுபிடிப்பதே பத்திரம்.

ஈய எழுத்துக் காலத்து ஆட்கள் வரி அகலத்தை 'எம்' கணக்கில் சொல்வார்கள். '22 எம்' என்றால் எழுத்து எந்த அளவாக இருந்தாலும் 12 பாயின்ட் எம்தான். ஆக 264 பாயின்ட். இன்றைய மென்பொருளில் எம் என்பது அந்த எழுத்தின் அளவு. 10 பாயின்ட் எழுத்தில் 22 எம் கொடுத்தால் 220தான் வரும். வரி ஒன்றரை சென்டிமீட்டர் குறுகி, நூறு பக்கப் புத்தகம் நூற்றிருபது ஆகிவிடும். மறுபதிப்பு வேலைகளில் நான் அதிகம் பார்த்த தவறு இது.

முழம், சாண் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். முழத்துக்கு 18 அங்குலம் என்று எடுத்தால் 1,296 பாயின்ட், சாண் 648, விரல் 54. எல்லாம் முழு எண்ணாக வருவதால் நம்பத் தோன்றும். வ.உ.சி. மார்க்கெட்டில் பூக்காரம்மா கையை நீட்டி அளக்கும் முழமும் எட்டு முழ வேட்டியின் முழமும் ஒன்றல்ல. கல்வெட்டில் நிலம் அளந்த கோலைப் பற்றி 'பதினாறு சாண் கோல்' என்று வந்தால் அதைத் தசமப் புள்ளியோடு மில்லிமீட்டரில் அச்சிடக் கூடாது. கோயில் சுவரில் கோலின் நீளத்தையே பொறித்திருந்தால் அதை நேரில் அளந்து, அந்த எண்ணைப் போடலாம். இல்லாவிட்டால் 'சுமார்' என்ற சொல் அவசியம்.

நடுவில் எண்ணைச் சுருக்கவும் வேண்டாம். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், அதாவது 841.89 பாயின்ட். 0.3528ஐ 0.35 என்று சுருக்கி வகுத்தால் 848.57 வரும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகு. கடைசி விடையை மட்டும் சுருக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பிரின்ட் எடுக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாக இருந்து படத்தை 97 சதவீதமாக்கிவிடுவதும் உண்டு. நான் எந்த வரைபடத்தின் ஓரத்திலும் 720 பாயின்ட் நீளக் கோடு ஒன்றைச் சேர்த்து, நூறு சதவீதத்தில் பிரின்ட் எடுத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். 25.4 சென்டிமீட்டர் காட்டினால்தான் அச்சு பிளேட் போடச் சொல்வேன்.