நம் ஊர்த் தாத்தா பாட்டி வாழ்ந்த கதையை எழுதி வைப்பது எப்படி

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் தோட்டத்திலேயே அறுபது வருஷம் கழித்த எந்தத் தாத்தாவும் "என்னத்தச் சொல்றது, ஏதோ பொழச்சோம்" என்பதோடு முடித்துவிடுவார். பாட்டி அதுகூடச் சொல்லமாட்டார், "அவிகளையே கேளு கண்ணு" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். கதை இல்லாமல் இல்லை, நாம் கேட்கிற விதம்தான் சரியில்லை. நான் கொங்குப் பக்கத்துக் காட்டுவேலைக் குடும்பங்களை வைத்துச் சொல்கிறேன் (இங்கே காடு என்றால் விவசாய நிலம்), உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், வாழ்க்கையைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். கவலை ஓட்டின காலத்தை, அதாவது எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த காலத்தைக் கேளுங்கள். கோழி கூப்பிடும்போதே எருதைப் பூட்டினார்களா, சாலுக்கு (தண்ணீர் மொள்ளுகிற பாத்திரத்துக்கு) அடியில் வருகிற தும்பி என்கிற தோல் குழாயை எங்கே தைத்தார்கள், வலத்து எருது எது இடத்து எருது எது, ஒரு நாளைக்கு எவ்வளவு காடு நனையும் என்று கேட்டால் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் "அப்போ தண்ணி கட்டினது யாரு?" என்று ஒரு கேள்வி போடுங்கள். அங்கேதான் பாட்டி கதைக்குள் வருவார், ஏனென்றால் தாத்தா வாரியில் (கிணற்றை ஒட்டிய சரிவான எருதுப் பாதையில்) எருதை ஓட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று மடை திருப்பியது பல வீடுகளில் பாட்டிதான், அதுவும் விடியும் முன் கம்மஞ்சோறு ஆக்கி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு பிள்ளையோடு.

தாத்தாவை உட்கார வைத்துக் கேட்பதைவிட நடக்க வைத்துக் கேட்பது நல்லது. காங்கேயம், தாராபுரம் பக்கம் என்றால் கொறங்காட்டுக்கு (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்கு) கூட்டிப்போங்கள். கிளுவை வேலி எங்கே யார் நட்டது, எந்த வெள்வேல மரத்தடியில் மாடு கட்டினது, எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் பாறை வந்தது என்று இடத்தைப் பார்த்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். மாட்டைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். மகன் பிறந்த வருஷம் நினைவில்லாதவருக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பிடித்து வந்த மயிலைக் காளையின் சுழி நினைவிருக்கும், அதற்குக் கொடுத்த விலையும் நினைவிருக்கும்.

பாட்டியிடம் தனியாகப் பேச வேண்டும். இதை விட்டுவிடவே கூடாது. இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் தாத்தா பேசுவார், பாட்டி தலையாட்டுவார், கடைசியில் எழுதினது தாத்தாவின் கதையாகத்தான் இருக்கும். புளி கொட்டை எடுக்கும்போதோ கடலைக்காய் உரிக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கை கொடுங்கள், கை வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் என்ன வேலை சொன்னார்கள், மாமியார் எந்தப் பெட்டிச் சாவியை எப்போது கொடுத்தார், பிறந்த வீட்டிலிருந்து சீராக என்ன வந்தது, அதில் எது எப்போது அடகுக்குப் போனது, திரும்பி வந்ததா? இவையெல்லாம் பாட்டிக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. நிலத்தில் பங்கு கேட்டீர்களா என்றும் பக்குவமாகக் கேட்கலாம். பிறந்த வீட்டுப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல், அதிலும் அதற்கு முன் கல்யாணமாகிப் போனவர்களுக்கு இல்லை என்று இருந்தது. எருமை ஒன்று, பித்தளைக் குண்டா ஒன்று, நாலு பவுன் என்று வந்ததோடு முடிந்துபோன உறவின் கணக்கு பலருக்கு மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்காதீர்கள், அதற்கு இருக்கிறவர்களின் எண்ணிக்கைதான் வரும். "எத்தனை பெத்தீங்க ஆத்தா?" என்று கேட்டால் வேறு எண் வரலாம். அந்தக் காலத்தில் பெற்றதில் ஒன்றிரண்டைப் பறிகொடுக்காத தாய் குறைவு. இதைத் தனியாக இருக்கும்போது மட்டும், ஒரே ஒரு தடவை கேளுங்கள். அழுதால் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுக் கூட உட்கார்ந்திருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்றால் அந்தப் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி, ஆனால் பாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தனித்தனியாகக் கேட்ட பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள், நடுவில் ஒரு பழைய போட்டோவையோ பத்திரத்தையோ போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எங்கள் வீட்டில் கிணற்றுக்கு மோட்டார் போட்டது எப்போது என்று கேட்டேன். அப்பாரு (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பாட்டியை ஆத்தா என்போம்) யோசிக்காமல் "அறுவத்தெட்டுல" என்றார். ஆத்தா கொஞ்ச நேரம் கழித்து, "இவங்கப்பன் அப்ப வவுத்துல. காதுத் தோட்டக் கழட்டிக் குடுத்துட்டு வேப்பங்குச்சி சொருகிட்டுத் திரிஞ்சேன்" என்றார். இரண்டும் ஒரே மோட்டாரைப் பற்றித்தான். இப்படி வரும்போது எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை வெட்டிவிடாதீர்கள். இரண்டையும் அவரவர் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள், முரண்பட்டாலும் பரவாயில்லை.

சரி, வருஷம் கண்டுபிடிப்பது எப்படி? தேதியைக் கேட்டால் வராது, எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் வரும். பவானிசாகர் அணை கட்டி முடித்த 1955, அண்ணா இறந்த 1969, விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்க் கோவையை ஸ்தம்பிக்க வைத்த 1972, சத்துணவு வந்த 1982, எம்ஜிஆர் இறந்த 1987 டிசம்பர், எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் இலவச மின்சாரம் வந்த 1990 என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, "அண்ணா சாகறப்ப பெரியவ பொறந்துட்டாளா?" என்கிற மாதிரி கேளுங்கள். காசுக் கணக்கும் உதவும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆனால் நாலணா, எட்டணா என்ற பேச்சு அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. காலணா, முக்காலணா என்று வந்தால் பெரும்பாலும் பழைய காசுதான்.

தமிழ் வருஷப் பெயர் தெரிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும், அதனால் எந்தச் சுற்று என்பதை வயதை வைத்துச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இதில் எல்லாரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. விகாரி வருஷம் தை மாசம் கல்யாணம் என்று பத்திரிகையில் இருந்தால் அது 1959 இல்லை, 1960. விகாரி பிறந்தது 1959 சித்திரையில், தை வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். மாசி, பங்குனிக்கும் இதே கணக்குதான்.

வீட்டில் இருக்கும் காகிதங்களில் முதலில் தேட வேண்டியது மொய் நோட்டு. யார் வந்தார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இருந்தது, யார் அஞ்சு ரூபாய் வைத்தார்கள், எந்த ஊர்ச் சொந்தம் அதற்கப்புறம் நோட்டிலிருந்தே காணாமல் போனது என்று ஒரு குடும்பத்தின் அறுபது வருஷ உறவும் அதில் இருக்கும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, பெயர்களை வாசித்துக் காட்டுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும். அப்புறம் பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா. இவற்றில் பெரும்பாலும் தாத்தா பெயர் மட்டும்தான் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ போட்டோ இருந்தால் பின்பக்கம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக பின்னால் பென்சிலில் லேசாக எழுதுங்கள், பேனா வேண்டாம்.

அந்தக் காட்டில் வேலை செய்தவர்களையும் போய்ப் பாருங்கள். பண்ணையத்தில் இருந்தவர்கள், களையெடுக்க வந்தவர்கள், மாடு மேய்த்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த உங்கள் தாத்தா வேறு ஆளாக இருக்கலாம், கூலி கொடுத்த விதத்திலும் தண்ணீர் கொடுத்த விதத்திலும். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள். நிலத் தகராறு, பங்காளிச் சண்டை மாதிரி சமாச்சாரங்களை மட்டும் தனி நோட்டில் வையுங்கள், உயிரோடு இருப்பவர்களைக் கேட்காமல் ஊருக்குக் கொடுக்க வேண்டாம்.

பதிவு செய்ய போன் போதும். ஃப்ளைட் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, மடித்த துண்டின் மேல் அவர்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஃபைலுக்குத் தேதியும் யார் பேசினார்கள் என்பதும் தெரிகிற மாதிரி பெயர் கொடுத்து, அன்றைக்கே இன்னொரு இடத்தில் காப்பி போடுங்கள். எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "வவுத்துல" என்றால் "வவுத்துல" தான்.

இருவரில் ஒருவர் போய்விட்டார் என்றால், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே கூடும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வயதானவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், அன்றைக்குக் கிடைக்கிற பேச்சு அடுத்த மாதம் கிடைக்காது. மிச்சம் இருப்பவரிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். அவராகத் தொடங்குவார், பெரும்பாலும் சோற்றைப் பற்றித்தான், போனவருக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று.

எழுதி முடித்ததும் அச்சுக் கடையில் பெரிய எழுத்தில் நாலு பிரதி போட்டு, முதல் பிரதியைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். தப்பென்று சொல்வதைத் திருத்திவிட்டு, சொந்தக்காரர்கள் தங்கள் பங்குக்கு எழுத கடைசியில் பத்துப் பக்கம் வெறுமனே விட்டு பைண்டிங்குக்குக் கொடுங்கள்.