கையெழுத்து தெரு வரிசையில் இருந்தால்: மகளிர் குழுக் கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மகளிர் குழு எப்படி நடக்கிறது என்று பார்க்க நான் முதலில் கணக்குப் பக்கத்தைப் புரட்ட மாட்டேன். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கும் இடத்தைத்தான் பார்ப்பேன். உண்மையாக நடந்த கூட்டத்தில் கையெழுத்து கன்னாபின்னாவென்று இருக்கும். பாயில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்களோ அந்த வரிசை. பிந்தி வந்தவர் பெயர் ஓரத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பாட்டியின் கைநாட்டு மை பக்கத்துப் பெயரில் அப்பியிருக்கும். மாதம் தவறாமல் ஒரே வரிசையில் பதினைந்து கையெழுத்தும் நேராக நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒருமுறை அப்படி ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே தெருவில் நடந்து பார்த்தேன். முதல் கையெழுத்து முதல் வீடு, இரண்டாவது கையெழுத்து இரண்டாவது வீடு. கூட்டமே நடக்கவில்லை, நோட்டுதான் வீடு வீடாக நடந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் குழுக்களின் அடித்தளமே கூட்டம்தான். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்த மகளிர் சுய உதவிக் குழு முறை தொடங்கியது. 1992இல் விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிலப்பத்திரமோ நகையோ இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? அதற்குக் கிடைத்த பதில்தான் கூட்டம். பத்து முதல் இருபது பெண்கள் தவறாமல் கூடுகிறார்கள், சேமிக்கிறார்கள், உள்ளுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குகிறார்கள், தவணை தவறாமல் திருப்புகிறார்கள், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். பஞ்ச சூத்திரம் என்று பயிற்சிகளில் சொல்வது இந்த ஐந்தைத்தான். இன்றும் வங்கி கேட்பது தீர்மான நகல். அந்தத் தாளுக்குப் பின்னால் கூட்டம் இல்லையென்றால் அது வெறும் தாள்.

பெரும்பாலான குழுக்கள் முதல் தவறைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுகின்றன. கூட்டத்தை எப்போதும், குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் வீட்டிலேயே வைப்பதுதான் அது. அவருக்கு வசதி, நோட்டும் பெட்டியும் அங்கேயே இருக்கும், காப்பியும் கிடைக்கும். ஆனால் அது அவர் வீடு. அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் கணக்கைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்? அந்த வீட்டோடு வேலித் தகராறு உள்ளவர் வாசல் வரை வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். சில ஊர்களில் இதைவிடப் பெரிய விஷயமும் உண்டு. யார் யார் வீட்டுத் திண்ணையில் ஏறலாம் என்பது இன்னும் முடியாத கதை. ஒரே குழுவில் பெயர் இருந்தும் சிலர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைக் கீழே உட்காரச் சொல்லவில்லை. மேலே வாங்க என்றும் சொல்லவில்லை. அங்கன்வாடி, பள்ளி வராந்தா, மகளிர் குழுக் கட்டடம் என்று பொது இடமாகப் பாருங்கள். கோயில் மண்டபம் என்றால், எல்லோரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய கோயிலா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரமும் அப்படித்தான். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் குழுவில் காலைக் கூட்டம் வேகாது. பால் ஊற்றுகிறவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணி ஆகாது. எல்லோரையும் கேட்டு ஒரு நாளையும் மணியையும் முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். "இந்த மாசம் ஒரு நாள் தள்ளி வச்சுக்குவோமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டால் மூன்றாவது தடவை யாரும் வரமாட்டார்கள்.

அடுத்த தவறு, வந்ததும் வராததுமாகப் பணத்தை வசூலிப்பது. பணத்தைக் கொடுத்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். "உலை வச்சுட்டு வந்தேன் மதினி, கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போறேன்" என்று ஒருவர் எழுந்தால் பின்னாலேயே நாலு பேர் எழுந்துவிடுவார்கள். அதன் பிறகு கடன் யாருக்கு என்று முடிவு செய்யும்போது பாயில் ஆறு பேர்தான் இருப்பார்கள். அந்த ஆறு பேர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருகையை எடுத்துவிட்டுப் போன கூட்டத்துத் தீர்மானங்களைச் சத்தமாக வாசியுங்கள். செய்வோம் என்று சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசிய பிறகு பணம் வாங்கலாம். கையெழுத்து கடைசியில்தான், அதுவும் இன்றைய தீர்மானத்தை வாசித்த பிறகு. பேச்சுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் குழுவை நான் நம்புவதில்லை.

பணம் எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

பல இடங்களில் நடப்பது இது: ஊக்குநர் பணத்தை வாங்கி ஒரு துண்டுச்சீட்டில் பெயரையும் தொகையையும் குறித்துக்கொள்வார். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு சீட்டைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கூட்டத்தில் எழுதினால் நேரமாகிறது என்பதுதான் காரணம். ஒரு கணக்கைப் பாருங்கள். குழுவில் 14 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, ஆக 2,800. கடன் அசல் ஐந்து பேர் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுகிறார்கள், 5,000. நிலுவையில் உள்ள கடன் 82,000. இரண்டு வட்டிக்கு 1,640. பிந்தி வந்த இருவரிடம் பத்துப் பத்து ரூபாய் அபராதம், 20. மொத்தம் 9,460 இருக்க வேண்டும். எண்ணினால் 9,360.

இரவு பத்து மணிக்குத் தன் வீட்டில் அவர் எண்ணும்போது இந்த நூறு ரூபாய் குறைந்தால் என்ன செய்வார்? கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவார், அல்லது யாரோ குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று மனதில் வைத்துக்கொள்வார். மறுநாள் குழாயடியில் அந்தப் பேச்சு வரும். அதே நூறு ரூபாய் பாயில் எல்லோர் முன்னாலும் குறைந்தால் நாலு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் இருந்த ஒரு கூட்டத்தில், "சேமிப்புல நூறுதான் குடுத்தேன், மீதிய நாளைக்குத் தாரேன்னு சொன்னேனேக்கா, காதுல விழலையா?" என்று ஒரு பெண்ணே எழுந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நிலுவை என்று எழுதிக்கொண்டார்கள், முடிந்தது.

அதனால் ஒருவர் பணம் வாங்கட்டும், இன்னொருவர் எண்ணட்டும், மூன்றாவது ஆள் எழுதட்டும். ஒவ்வொருவர் பெயரையும் தொகையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனிநபர் பாஸ்புத்தகத்தில் அங்கேயே வரவு வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்குக் காதில் விழுவதுதான் ரசீது. கையிருப்பு எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். கூடுதலாக இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும்.

கடன் பேச்சில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. முதலில் கேட்பவருக்கு உடனே சரி என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். சத்தமாகப் பேசுகிறவர் எப்போதும் முதலில் கேட்பார். கையில் இருப்பது 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆடு வாங்க ஒருவர் 10,000 கேட்கிறார், குழு சம்மதிக்கிறது. இன்னொருவர் கந்துவட்டியை அடைக்க 12,000 கேட்கிறார், அவருக்கு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்கிறார்கள். கடைசியில் மூலையிலிருந்து ஒரு குரல், மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட 15,000, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. எல்லாக் கோரிக்கைகளையும், எதற்கு, எப்போது வேண்டும் என்பதோடு முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் பங்கு பேச வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆடு அடுத்த மாதம் வாங்கலாம் என்று ஆடு கேட்டவரே விட்டுக்கொடுப்பார். அவர் விட்டுக்கொடுக்காவிட்டாலும் எது அவசரம் என்று குழுவுக்குத் தெரியும்.

இந்தப் பேச்சில் தலைமையில் இருப்பவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்வது நல்லது. "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று அவர் ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றாது. அவருக்கே கடன் தேவை என்றால் அன்று வேறு ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும். இதை எழுதாத விதியாக வைக்காமல் விதிமுறைப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள்.

தவணை கட்டாதவரைக் கூட்டத்தில் வைத்து உலுக்குவது இன்னொன்று. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், அவரோடு சேர்ந்தவர்களும் வரமாட்டார்கள், கடன் மட்டும் நிற்கும். கூட்டத்துக்கு முந்தின நாள், ஊக்குநருக்குத் துணையாகக் குழு தேர்ந்தெடுத்த இரண்டு பிரதிநிதிகளில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். கணவருக்கு உடம்பு சரியில்லையா, கூலி வரவில்லையா, வேறு இடத்தில் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறதா என்று அங்கேதான் தெரியும். கூட்டத்தில், "இந்த மாசம் வட்டி மட்டும் கட்டுறாங்க, அசலை ரெண்டு மாசத்துல சேத்துக் கட்டுறாங்க" என்று தீர்வோடு விஷயத்தை வைக்கலாம். அபராதத்தில் மட்டும் முகம் பார்க்காதீர்கள். பத்து ரூபாய்தான் என்றாலும் ஊக்குநர் பிந்தி வந்த நாளில் அதை முதல் ஆளாக அவரே வைத்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதில் முடிவு செய்யலாமே என்று இப்போது கேட்கிறார்கள். கூட்ட நாளை நினைவுபடுத்த அது போதும். ஆனால் பல வீடுகளில் அந்தப் போன் மகன் கையில் இருக்கிறது, அல்லது வீட்டுக்காரர் கையில். கடன் கேட்டது யார், மறுத்தது யார் என்பதெல்லாம் அவர்கள் படிக்க வேண்டிய செய்தி இல்லை.

வெளியிலிருந்து வரும் அறிவிப்புகளையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பிலிருந்து வந்த படிவம், காப்பீடு, பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது எல்லாம் தேவைதான். எந்த விழாவுக்கு எத்தனை பேரை வேனில் ஏற்றுவது என்ற பேச்சும் வரும், அதைத் தவிர்க்க முடிந்தால் புண்ணியம். அவற்றில் தொடங்கினால் முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடும்.

தீர்மானம் எழுதுவதில் ஒரு பழக்கம் உண்டு. "கடன் நிலுவை குறித்துப் பேசப்பட்டது. விரைவில் வசூலிக்க முடிவு செய்யப்பட்டது." இந்த வரியை எத்தனை நோட்டுகளில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. யார் வசூலிப்பார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு? "நிலுவை 3,000 ரூபாயை அடுத்த கூட்டத்துக்குள் வாங்கும் பொறுப்பு இரண்டாம் பிரதிநிதிக்கு" என்று எழுதினால் அடுத்த மாதம் வாசிக்கும்போது அவர் பதில் சொல்லியாக வேண்டும். முன்னது போல எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கடைசியாக, ஆளை மாற்றுவது. ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் முறை வைத்து மாற வேண்டும் என்று எல்லாக் குழுவுக்கும் தெரியும். நேரம் வரும்போது, "நீயே இருக்கா, உனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும், பேங்க்ல பேசத் தெரியும்" என்பார்கள். அவருக்கும் அது இனிக்கும். பத்து வருடம் கழித்து அவர் மகள் வீட்டோடு போய்விட்டால் குழுவுக்கு வங்கி மேலாளர் அறை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. மாற்றும் நாளுக்காகக் காத்திருக்காமல் மாதம் ஒருவரைக் கூட்டம் நடத்தவிட்டுப் பாருங்கள், வங்கிக்குப் போகும்போது புதிதாக ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ஒரு குழுவில் அப்படி முறை வந்த ஒரு பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. தீர்மானத்தை வாசிக்கப் பேத்தி வயதுப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பணத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. ஐந்நூறு தனியாக, இருநூறு தனியாக, நூறு தனியாகப் பாயில் அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு புளியங்கொட்டையை வைத்து எண்ணினார். எழுதியவர் சொன்ன தொகை அவர் எண்ணியதைவிட ஐம்பது ரூபாய் அதிகம். "திரும்பக் கூட்டு தாயி" என்றார். திரும்பக் கூட்டினார்கள். பெரியம்மா எண்ணியதுதான் சரி.