மூணாற்றுக் குளிரில் வீட்டுக் குளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாற்றில் உறைபனி மாதக்கணக்கில் நீடிப்பதில்லை. மார்கழியிலும் தையிலும், காற்றடங்கி வானம் தெளிந்திருக்கும் சில இரவுகளில் செண்டுவாரை போன்ற இடங்களில் புல்வெளி வெளுத்துவிடும். வெயிலேறியதும் அது உருகி, நண்பகலில் 20 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே, குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டி மூடிக் கிடக்கும் மேலைநாட்டுக் குளங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளை அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு. நம் மீன்களை அதிகம் வாட்டுவது ஒரே நாளுக்குள் நேரும் இந்த ஏற்ற இறக்கம். முழங்காலளவே ஆழமுள்ள சிமெண்ட் தொட்டியில் அது மிகக் கடுமையாக இருக்கும்; இரண்டரை அடி ஆழத்தில் ஒரு பள்ளமாவது இருந்தால் மீன்கள் அங்கே ஒதுங்கிக்கொள்ளும்.

இரை போடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தங்கமீனும் கோய் மீனும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இரைப்பை கிடையாது, செரிமானம் நீரின் வெப்பத்தைச் சார்ந்தே நடக்கிறது. பிற்பகல் வெயிலில் அவை மேலே வந்து வாய் திறப்பதைக் கண்டு மனமிரங்கி ஒரு கைப்பிடி போட்டுவிடுகிறோம். இரவில் நீர் குளிர்ந்ததும் அது செரிக்காமல் குடலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு வெப்பமானியை நூலில் கட்டிப் பாதி ஆழத்தில் தொங்கவிட்டு, விடியற்காலையில் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று இரையே வேண்டாம்; 10 முதல் 15 வரை இருந்தால், சில நிமிடங்களில் தின்று தீரும் அளவு மட்டும், அதுவும் நண்பகலுக்கு முன்பே போட வேண்டும்.

சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலைகளை அடியில் தேங்க விடுவது அடுத்த தவறு. கையை விட்டுத் துழாவினால் கறுத்து வழுவழுத்த இலைக்கூழ் விரல்களில் ஒட்டும். கூடவே அழுகிய முட்டையின் நாற்றம் எழும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு நஞ்சு. புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்பாக, இதை வாளியால் அள்ளிவிட்டு மேலே வலை கட்டிவிட வேண்டும். ஆகாயத்தாமரையும் பனியில் கருகி மூழ்கி அழுகும் என்பதால், அதையும் முன்கூட்டியே குறைத்துவிடுவது நல்லது.

தேயிலைச் சரிவின் கீழே குளம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மழைமாதங்களில் கொப்புள நோய்க்காகச் செடிகளுக்குத் தாமிர மருந்து தெளிப்பது வழக்கம். தாமிரம் மீனுக்குக் கொடிய நஞ்சு. உப்புக்களற்ற மென்னீரில் அதன் கடுமை இன்னும் கூடும், நம் மலைநீரோ மென்னீர்தான். சரிவில் வழிந்து வரும் நீர் குளத்துக்குள் இறங்காதபடி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பிவிடாமல், வேறு எந்த ஏற்பாட்டைச் செய்தும் பயனில்லை.

ஒரு மார்கழியில் குளம் கலங்கியிருக்கிறதென்று நான் நீர் முழுவதையும் இறைத்துவிட்டு ஓடை நீரை நிரப்பினேன். மறுநாள் காலையில் மூன்று மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. குளிர்காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் மாற்றக் கூடாது.

விடியலில் மேலே கட்டியிருக்கும் மெல்லிய பனிப்படலத்தைக் கல்லால் உடைக்காதீர்கள். அதிர்ச்சி அலை மீன்களைத் தாக்கும். கொதிநீரை ஊற்றுவதும் வேண்டாம். வெயிலே அதைக் கரைத்துவிடும். நீரூற்றை இரவில் ஓடவிட்டால் அடியிலுள்ள சற்று வெதுவெதுப்பான நீரும் மேலே வந்து குளிர்ந்துவிடும்; பகலில் மட்டும் ஓடினால் போதும். தார்ப்பாயை நீரின்மேல் படிய விரிக்காமல், மூங்கில் சட்டத்தின்மேல் ஓரடி உயரத்தில் பக்கங்கள் திறந்திருக்கக் கட்டி, காலையில் எடுத்துவிடுங்கள்.

மாசி பிறந்த பின், விடியற்கால நீர் தொடர்ந்து ஒரு வாரம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காதிருந்தால், இரையைப் பழைய அளவுக்கு மெல்ல உயர்த்தலாம்.