கிரேக்க வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா?
கிரேக்கத்தில் யாராவது வீட்டுக்கு அழைத்தால், உட்கார்ந்ததும் ஒரு சிறு தட்டு வரலாம்: சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரியோ அத்திக்காயோ ஒரு கரண்டி, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். வேண்டாம் என்று தள்ளாமல் ஒரு வாயாவது சாப்பிடுங்கள், கொடுத்தவர் மனம் நிறையும். பழைய கிரேக்கத்தில் அந்நியருக்கும் விருந்தினருக்கும் 'க்ஸேனோஸ்' என்ற ஒரே சொல்தான். எவ்வளவு அழகு!

'போதும்' என்று சொல்ல மட்டும் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டிவிடாதீர்கள். 'மூட்ஸா' எனப்படும் அது அங்கே பெரிய அவமதிப்பு. நெஞ்சில் கை வைத்து 'எஃப்ஹரிஸ்தோ', அதாவது நன்றி, என்று சொன்னால் போதும்.

அப்புறம், காபிக் கடையில் உங்களுக்கும் சேர்த்து யாராவது காசு கொடுத்துவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த முறை நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.