புதுச்சேரில ஊர்மக்களுக்காக ஒரு உரை நடத்துறப்போ திரும்பத் திரும்ப நடக்கற தவறுகள்

புதுச்சேரி சின்ன ஊருதான், ஆனா ஊரோட அளவ பாத்தா இங்க படிப்பு, ஆராய்ச்சினு இருக்கற இடங்க ரொம்ப ஜாஸ்தி. காலாப்பட்டுல 1985ல வந்த பல்கலைக்கழகம், செயின்ட் லூயி வீதில 1955லேந்து இருக்கற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஜிப்மர், 1827ல ஆரம்பிச்ச ரோமன் ரோலண்ட் நூலகம், தமிழ்ச்சங்கம், கம்பன் கழகம்னு சொல்லிட்டே போலாம், எங்கயாவது ஒரு இடத்துல யாராவது ஒருத்தர் நல்ல விஷயம் பேசிட்டே இருக்காங்க. ஆனா முத்தியால்பேட்டையிலயோ வில்லியனூர்லயோ இருக்கற ஒருத்தர்கிட்ட போய் "வாங்களேன், ஒரு உரை இருக்கு"னு கூப்ட்டா "அதெல்லாம் படிச்சவங்களுக்குப்பா"னு சொல்லிட்டு அவங்க வேலைய பாக்கப் போயிடறாங்க. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். நிகழ்ச்சிய திட்டம் போடறப்பவே கேக்க வர்றவங்கள மறந்துடறோம், அதுலேந்துதான் பாதி கோளாறு வருது. இந்த மாதிரி கூட்டம் நடத்தறவங்க, புதுசா நடத்த ஆசப்படறவங்க ரெண்டு பேருக்கும் சேத்துதான் இத எழுதறேன்.

முதல்ல தேதி. ஹால் என்னிக்கு காலியா இருக்குனு பாத்துட்டு உடனே போஸ்டர் அடிச்சிடறாங்க, அன்னிக்கு ஊர்ல என்ன நடக்குதுனு யாரும் பாக்கறதில்ல. ஆடி அஞ்சாவது வெள்ளி வீராம்பட்டினம் தேரு, அன்னிக்கு அந்தப் பக்கத்து ஜனம் எதுக்கும் வராது. மாசி மகத்தன்னிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைல தீர்த்தவாரி. ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், அரவிந்தர் பிறந்தநாளும் அதே நாள்தான், கடற்கரைய ஒட்டின வீதி எல்லாம் கூட்டமா இருக்கும். ஞாயித்துக்கிழமைனா காந்தி வீதில சந்தை, அந்தப் பக்கமா ஹால் எடுத்தீங்கன்னா பைக்ல வர்றவங்களே திணறுவாங்க. பெரிய முகூர்த்த நாளையும் காலண்டர்ல ஒரு தடவ பாத்துடுங்க. அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் மொட்டமாடி, தோட்டம், திறந்தவெளினு எதுவும் வேணாம், 2024 நவம்பர் கடைசில வந்த ஃபெஞ்சல் புயல்ல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அத பாத்தவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல.

நேரமும் அப்படித்தான். வேலநாள் மதியம் 3 மணிக்கு காலாப்பட்டுல வச்சிட்டு "பொதுமக்கள் அனைவரும் வருக"னு போட்டா எந்தப் பொதுமக்கள் வருவாங்க? டவுன்லேந்து ஈசிஆர்ல 10 கிலோமீட்டருக்கு மேல போகணும், கடைல வேல பாக்கறவங்க, ஸ்கூல்லேந்து பிள்ளைய கூட்டிட்டு வர வேண்டியவங்க, வயசானவங்க யாராலயும் முடியாது. அந்த நேரத்துல ஹால்ல இருக்கப் போறது அதே டிபார்ட்மெண்ட் பசங்கதான். பேராசிரியர் டவுனுக்கு வந்து பேசிட்டுப் போறது ரொம்ப ஈஸி, ஒருத்தர் பயணம் பண்ணா போதும், நூறு பேர் பண்ண வேண்டாம். மீனவ கிராமத்துல நடத்துறதா இருந்தா அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் நேரம் வைக்கணும், விடியக்காலைல கடலுக்குப் போய்ட்டு வந்தவங்க மதியம் தூங்குவாங்க, மீன் விக்கப் போற அம்மாங்க எப்ப வீடு திரும்புவாங்கனு அவங்களுக்குத்தான் தெரியும். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், அந்த 61 நாள்ல வச்சா ஆளுங்க ஊர்லயே இருப்பாங்க, உக்காந்து நிதானமா பேசலாம்.

இடத்துல இன்னொரு விஷயம். ரோமாபுரியோட வாணிபம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டப் பத்தி எத்தனையோ உரை நடக்குது, 1945ல தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டினது, ரோமானிய மதுச்சாடி, பாசிமணி செஞ்ச தொழில்னு எல்லாம் ஏசி ஹால்ல ஸ்லைடு போட்டு காட்டறாங்க. அந்த மேடு இருக்கறது அரியாங்குப்பம் காக்காயந்தோப்புல. அந்த மண்ண மிதிச்சே வளந்த ஜனங்களுக்கு முன்னாடி, அவங்க ஊர் சமுதாயக்கூடத்துலயோ ஸ்கூல்லயோ அதே உரைய பண்ணா அது வேற மாதிரி இருக்கும், அவங்க கேக்கற கேள்வியும் வேற மாதிரி இருக்கும், அந்த இடத்த நாமதான் காப்பாத்தணும்ங்கற எண்ணமும் அங்கேந்துதான் வரணும்.

இப்ப மேடைக்கு வருவோம், இதுலதான் நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பே இருக்கு. தலைமை ஒருத்தர், முன்னிலை ரெண்டு பேர், வரவேற்புரை, நோக்கவுரை, அறிமுகவுரை, வாழ்த்துரை மூணு பேர், நன்றியுரை. ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிஷம்னு வச்சாலே முக்கா மணி நேரத்துக்கு மேல போயிடும், நெசத்துல யாரும் அஞ்சு நிமிஷத்துல இறங்க மாட்டாங்க. நடுவுல பொன்னாடை, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, ஒவ்வொண்ணுக்கும் ஃபோட்டோ. அஞ்சு மணி நிகழ்ச்சில சிறப்பு விருந்தினர் மைக்க பிடிக்கறப்போ ஆறரை ஆயிருக்கும், அப்ப ஒரு துண்டு சீட்டு வரும், "20 நிமிஷத்துல முடிச்சுக்கோங்க ஐயா"னு. சென்னைலேந்தோ மதுரைலேந்தோ பஸ் புடிச்சு வந்தவர், மாசக்கணக்கா தயார் பண்ணத இருபது நிமிஷத்துல அவசர அவசரமா கொட்டிட்டுப் போவாரு. கேக்க வந்தவங்க அதுக்குள்ள களைச்சிருப்பாங்க, பஸ்ஸ நெனச்சு பாதி பேரு எழுந்திருப்பாங்க.

மரியாதை செய்யறது நம்ம பண்பாடு, அத விடச் சொல்லல. ஆனா வரிசைய மாத்தலாம். வரவேற்பும் அறிமுகமும் ஒரே ஆளு, பத்து நிமிஷத்துக்குள்ள. அடுத்து நேரா உரை. உரை முடிஞ்சு கேள்வியும் முடிஞ்சப்புறம் எல்லாருக்கும் சேத்து ஒரே தடவையா பொன்னாடை, வாழ்த்தணும்னு ஆசப்படறவங்க அப்ப வாழ்த்தட்டும், அந்த உரைய கேட்டுட்டு வாழ்த்தினா வாழ்த்துலயும் ஒரு பொருள் இருக்கும். பொன்னாடைக்கு பதிலா புத்தகம் குடுத்தா இன்னும் நல்லது. யாராவது கோச்சுப்பாங்களேனு பயந்துதான் பேர் லிஸ்ட் நீளுது, எனக்குத் தெரியும், ஆனா முன்னாடியே போய் நேர்ல "இந்தத் தடவ இப்படி பண்றோம், நீங்க முன் வரிசைல இருந்தா எங்களுக்கு பெருமை"னு சொன்னா பெரும்பாலான பெரியவங்க ஒத்துக்குவாங்க. முன் வரிசைனதும் இன்னொண்ணு, முதல் ரெண்டு வரிசை சோஃபா விஐபிக்குனு காலியா கெடக்கும், காது சரியா கேக்காத தாத்தா கடைசில உக்காந்திருப்பாரு. உரை ஆரம்பிச்சதும் காலியா இருக்கற இடத்துல எல்லாரையும் முன்னாடி கூப்ட்டு உக்கார வைங்க.

தமிழ்த்தாய் வாழ்த்து விஷயத்துலயும் ஒரு கவனம் வேணும். புதுச்சேரில பாடறது பாரதிதாசனோட "வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே". ஃபோன்ல தேடி முதல்ல வர்றத போட்டுடறாங்க, அது தமிழ்நாட்டோட "நீராரும் கடலுடுத்த"வா இருக்கும். பாரதிதாசன் பிறந்த ஊர்லயே அவர் பாட்டு ஒலிக்காம போறது மனசுக்கு கஷ்டமா இருக்கும், முன்னாடி நாளே சரியானத டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

அடுத்தது பேசறவங்க. ஆராய்ச்சி பண்றவங்க பெரும்பாலும் கான்ஃபரன்ஸ்ல காட்டின அதே ஸ்லைட எடுத்துட்டு வந்துடறாங்க, இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல, நாலு கிராஃப் ஒரே பக்கத்துல. கடலரிப்ப எடுத்துக்கோங்க, நம்ம ஊருக்கு இத விட நெருக்கமான தலைப்பு கிடையாது. அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துகிட்ட 1980கள் கடைசில துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க, நம்ம கரைல வருஷத்துல பெரும்பகுதி மணல் தெக்கேந்து வடக்க நகரும், சுவர் அத மறிச்சதால தெக்கால மணல் சேந்துச்சு, வடக்கால டவுன் பீச் கரைஞ்சு வெறும் கல்லுதான் மிஞ்சுச்சு, அப்புறம் 2018 வாக்குல தலைமைச் செயலகத்துகிட்ட கடலுக்குள்ள ஒரு செயற்கைத் திட்டு போட்டு கொஞ்சம் மணல் திரும்ப வந்துச்சு. இவ்ளோதான் கதையோட எலும்பு, இத எந்த ஃபார்முலாவும் இல்லாம யாருக்கும் சொல்ல முடியும். ஆனா உரைல முதல் அரை மணி நேரம் மாடலிங், பாராமீட்டர்னு போயிடும், கடைசில ஒரு மீனவர் எழுந்து "வாடைக்காத்துல எங்க பக்கம் வேற மாதிரி போவுதே சார்"னு கேக்கறப்போ "டைம் ஆயிடுச்சு"ம்பாங்க. அவர் சொல்றது உண்மையான தகவல். வடகிழக்கு பருவத்துல மணல் நகர்ற திசை மாறத்தான் செய்யுது. முடிஞ்சா உரைக்கு முன்னாடியே அந்த ஊர் ஆளுங்க ரெண்டு பேர்கிட்ட உக்காந்து பேசிட்டு, அவங்க சொன்னதுலேந்து உரைய ஆரம்பிங்க, கூட்டம் நிமிந்து உக்காரும்.

தலைப்பு வைக்கறதுலயும் பயமுறுத்தறாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துல இங்க துபாஷா (மொழிபெயர்ப்பாளரா) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோட டைரிய பத்தி ஒரு உரைன்னு வைங்க. "ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு காட்டும் பதினெட்டாம் நூற்றாண்டு வணிகப் பொருளாதாரம்: ஒரு மீள்பார்வை"னு போட்டா படிக்காம நகந்துடுவாங்க. "பிள்ளையோட டைரில நம்ம ஊர் கடைத்தெரு"னு போட்டுட்டு கீழ சின்னதா 1736லேந்து 1761 வரைக்குமான குறிப்புகள்னு போடுங்க, விஷயம் அதேதான்.

வெளிநாட்டுலேந்து வந்தவர் பிரெஞ்சுலயோ இங்கிலீஷ்லயோ பேசறாருன்னா வரிக்கு வரி மொழிபெயர்க்கறாங்க, ஒரு மணி நேர உரை ரெண்டு மணி நேரம் ஆகும், இல்லன்னா பாதி விஷயம் போயிடும். இத கணக்குல எடுக்காமயே நேரம் போடறாங்க. உரைய அரை மணியா சுருக்கச் சொல்லுங்க, பத்தி பத்தியா நிறுத்தி மொழிபெயர்க்க சொல்லுங்க, தமிழ்ல ஒரு பக்க சுருக்கத்த பிரிண்ட் போட்டு வாசல்லயே குடுத்துடுங்க. மொழிபெயர்க்கறவங்களுக்கு முதல் நாளாவது உரையோட நகல் போகணும், மேடைல ஏறினப்புறம் முதல் தடவ கேட்டு மொழிபெயர்க்க சொல்றது அவங்களுக்கு நாம பண்ற அநியாயம்.

கருவி சமாச்சாரம் சுருக்கமா சொல்லிடறேன். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்ல தயார் பண்ண ஸ்லைடு, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா தெரியும், ஏன்னா அதுல தமிழ் எழுத்த இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க. யூனிகோடுல அடிங்க, பிடிஎஃப்பா ஒரு காப்பி கைல வச்சுக்கோங்க. மைக் கீச்சுனு கத்தறது ஸ்பீக்கர் பாக்ஸ்லேந்து வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போறதால, பாக்ஸ மைக்குக்கு முன்னாடி தள்ளி ஜனங்கள பாத்து வச்சா பெரும்பாலும் நின்னுடும். காலர் மைக் புடவைல உரசும், தலைய திருப்பினா சத்தம் போயிடும், அதனால கை மைக்கும் ஒண்ணு ரெடியா இருக்கட்டும், பேட்டரியும் புதுசு ரெண்டு செட்டு. வெளில ஒலிபெருக்கி கட்டறதா இருந்தா போலீஸ் அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணிக்கு மேல கூடாது.

கேள்வி நேரம். என்னைக் கேட்டா உரைய விட இதுதான் முக்கியம், இதத்தான் எல்லாரும் முதல்ல வெட்டறாங்க. நாப்பது நிமிஷம் உரைன்னா இருபத்தஞ்சு நிமிஷமாவது கேள்விக்கு வேணும். அந்த நேரத்துலயும் யாராவது ஒருத்தர் மைக்க வாங்கிட்டு "கேள்வி இல்ல, ஒரு சின்ன கருத்து"னு ஆரம்பிச்சு தன்னோட உரைய நடத்திடுவாரு, அவர நிறுத்த யாருக்கும் தைரியம் வராது. மைக்க கைல குடுக்காதீங்க, ஒரு தன்னார்வலர் பிடிச்சிட்டு பக்கத்துல நிக்கட்டும், இது ஒண்ணே பாதி பிரச்சினைய தீத்துடும். அதே சமயம் எழுந்து நின்னு கேக்க கூச்சப்படறவங்க நெறைய, முக்கியமா பொண்ணுங்க, முதல் தடவ வந்தவங்க. உரை நடக்கறப்பவே துண்டு பேப்பரும் பென்சிலும் சுத்த விடுங்க, எழுதி குடுக்கட்டும், பேர் போட வேணாம். அப்படி வர்ற சீட்டுலதான் பல நேரம் ரொம்ப நேர்மையான கேள்வி இருக்கும், அத முதல்ல எடுங்க. மருத்துவ உரையா இருந்தா ஆரம்பத்துலயே சொல்லிடணும், சொந்த நோய பத்தி இங்க மருந்து கேக்க வேணாம், பொதுவா கேளுங்கனு, இல்லாட்டி டாக்டர் மேடைலயே ஓபி பாக்க வேண்டி வரும், நாலு பேர் முன்னாடி தன் உடம்ப பத்தி சொன்னவங்களும் அப்புறம் வருத்தப்படுவாங்க.

கூட்டம் வராதுனு பயந்து காலேஜ் பசங்கள பஸ்ல ஏத்திட்டு வந்து அட்டெண்டன்ஸ் போடறது இன்னொரு வழக்கம். ஹால் நிறைஞ்ச மாதிரி ஃபோட்டோ கிடைக்கும், ஆனா கட்டாயத்துல உக்காந்த பசங்க அதுக்கப்புறம் ஒரு உரைக்கும் தானா வர மாட்டாங்க, நாமளே அவங்கள விரட்டிவிட்ட மாதிரி ஆயிடுது. முப்பது பேரு விரும்பி வந்தா முப்பது நாற்காலிய வட்டமா போட்டு உக்காந்து பேசுங்க. பேசறவருக்கும் அது பிடிக்கும்.

போஸ்டர்ல பன்னெண்டு பேரோட ஃபோட்டோ போட்டுட்டு இடத்த பொடி எழுத்துல போடாதீங்க. தேதியோட கிழமை, எந்த பஸ் ஸ்டாப்புல இறங்கணும், வண்டி எங்க விடணும், எத்தன மணிக்கு முடியும், இந்த நாலும் பெருசா தெரியணும். சாயந்திரம் 6 மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, அந்தப் பக்கம் ஹால்னா கட்டாயம் சொல்லிடுங்க. முடியற நேரத்த போட்டுட்டா வீட்ல சொல்லிட்டு வர்றவங்களுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, பெரிய உதவி.

வீடியோ எடுக்கறதா இருந்தா பேசறவர்கிட்டயும் வந்திருக்கறவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லணும், கேள்வி கேக்கறவங்க முகம் வேணாம்னா கேமராவ மேடை பக்கமே வைங்க. பேசறவரோட பஸ் செலவு, ஆட்டோ செலவு, மதிப்பூதியம் எவ்ளோனு கூப்புடறப்பவே தெளிவா பேசிடுங்க, நிகழ்ச்சி முடிஞ்சு அவர் தயங்கி நிக்கற மாதிரி வைக்காதீங்க. அப்புறம் ஸ்லைடு, ஆடியோ, சொன்ன புத்தகங்களோட பட்டியல், நேரமில்லாம விட்டுப்போன சீட்டுக் கேள்விங்களுக்கு அவர் எழுதிக் குடுக்கற பதில், இதெல்லாத்தையும் வந்தவங்க நம்பருக்கு ஒரு வாரத்துக்குள்ள அனுப்பிடுங்க.