சிகரெட்டை விட யாரிடம் என்ன கேட்க வேண்டும்: படிப்படியாக

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 14 ஆண்டுகள் சிகரெட் பிடித்தேன். கடைசி ஐந்தாறு ஆண்டுகள் நாளுக்கு 15 வரை போனது. மூன்று முறை விட்டு, மூன்று முறையும் திரும்பப் போனேன். நான்காவது முறை விட்டு இரண்டரை ஆண்டு முடிந்துவிட்டது. எப்படி விட்டேன் என்று இரண்டு மூன்று பேர் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன்.

சிகரெட் என்ன கெடுதல் செய்யும் என்று இங்கே சொல்லப் போவதில்லை. பிடிக்கிற எல்லோருக்கும் அது தெரியும். விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்குத்தான் இது.

முதல் முறை யாரிடமும் சொல்லாமல் விட்டேன். எட்டு நாள் தாங்கியது. இரண்டாவது முறை கூட வேலை செய்பவரும் நானும் சேர்ந்து விட்டோம். பன்னிரண்டாம் நாள் அவர் பற்றவைத்தார், பதின்மூன்றாம் நாள் நான். மூன்றாவது முறை தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். நான்காவது முறை நான்கே பேரிடம் போய், ஒவ்வொருவரிடமும் ஒரு வேலையைக் கேட்டு வாங்கினேன். என் மனவுறுதி நான்கு முறையும் ஒரே அளவுதான் இருந்தது. மாறியது இந்தக் கேட்கிற விதம்தான்.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

விடுவதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு சிகரெட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மணி, இடம், கூட இருந்தவர், இந்த மூன்றும் போதும். இதற்குச் செயலிகள் இருக்கின்றன. நான் சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டைத்தான் சொல்வேன். பாக்கெட் இருந்த அதே பையில் நோட்டு இருந்தால் கை அங்கே போகும்போதெல்லாம் நினைவு வரும். செயலிக்காகப் போனை எடுத்தால் வேறு எங்கோ போய்விடுகிறோம்.

என் நோட்டில் தெரிந்தது இதுதான்: 15-இல் ஒன்பது யாராவது கூட இருக்கும்போது பிடித்தவை. காலை 11 மணி டீ, மாலை 4 மணி டீ, ஷிப்மென்ட் நாட்களில் ராத்திரி பேக்கிங் முடிந்ததும். தனியாகப் பிடித்தது ஆறுதான். மனிதர்களோடு கூடிய பழக்கத்தைத் தனியாக உட்கார்ந்து விட முடியாது என்று அந்த வாரம்தான் புரிந்தது.

அப்புறம், தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதையும் குறியுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

விடுகிற நாளைக் குறிப்பது உங்கள் விருப்பம். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், ஷிப்மென்ட் வாரமாகவும் பொங்கல் தீபாவளியாகவும் இல்லாமல் பாருங்கள், அவ்வளவுதான்.

படி 2: சூயிங்கம்

நிக்கோட்டின் (புகையிலையில் நம்மை அடிமையாக்குகிற பொருள்) கலந்த சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரைகள் என்று துணைக்கருவிகள் மூன்று நான்கு வகை உண்டு. எனக்குச் சூயிங்கம்தான் ஒத்துவந்தது, ஆசை வருகிற நிமிடத்தில் வாய்க்கு ஒரு வேலை கிடைக்கிறது என்பதால். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு 4 மி.கி., அதற்குப் பிறகு பிடிப்பவர்களுக்கு 2 மி.கி. என்பது பொதுவான கணக்கு. 4 மி.கி. என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த அளவானாலும் கேட்காமல் எடுக்கக் கூடாது. மின் சிகரெட்டுக்கு மாறலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2019 முதல் இந்தியாவில் அதை விற்பதே குற்றம், நானும் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது முறை நான் சறுக்கியதில் இந்தச் சூயிங்கமுக்கும் பங்கு உண்டு. சாதாரண சூயிங்கம் போல வேகமாக மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, வயிறு புரட்டியது. "இது நமக்குச் சேராது" என்று தூக்கிப் போட்டேன். தவறு மெல்லுவதில்தான். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்தது போல ஒரு காரம் வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாக உடம்பில் ஏற வேண்டும். வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும், பயனும் கிடைக்காது, எரிச்சல்தான் மிஞ்சும்.

போடுவதற்கு முந்தைய 15 நிமிடமும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, சோடா, ஜூஸ் எதுவும் கூடாது. அவற்றின் அமிலத்தன்மை நிக்கோட்டின் ஏறுவதைத் தடுக்கும். டீ குடித்துக்கொண்டே மென்றால் வேலை செய்யாது.

படி 3: ஆட்களிடம் கேட்பது

நான் மூன்று முறை தோற்றது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"நான் சிகரெட்டை விட்டுட்டேன்" என்று அறிவித்தால் கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. "எத்தனை நாளைக்குன்னு பாப்போம்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, சொல்ல வேறு என்ன இருக்கிறது? மூன்றாவது முறை இருபது பேர் அப்படிச் சொன்னார்கள். ஒருவர்கூட உதவவில்லை. உதவச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

முதல் ஆள், ஆசை வரும்போது போனை எடுக்கிறவர். எனக்கு என் மைத்துனன். அவன் விட்டு நான்கு ஆண்டாகியிருந்தது. "மாப்ள, நான் கூப்பிட்டா அஞ்சு நிமிஷம் பேசு. சிகரெட்டைப் பத்திப் பேசாதே, வேற எதையாவது பேசு" என்றேன். ஆசை ஒரு தடவை எழுந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடம் போல உச்சத்தில் நின்றுவிட்டு இறங்கிவிடும். அதைக் கடக்கத்தான் ஆள் வேண்டும். முதல் வாரம் நாளுக்கு நான்கைந்து முறை கூப்பிட்டேன். அவன் தோட்டத்துப் போர்வெல் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம். இந்த இடத்துக்கு ஏற்கெனவே விட்டு ஓராண்டாவது ஆனவரைத் தேடுங்கள். உங்களோடு சேர்ந்து விடுகிறவர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இருவருக்கும் ஒரே நேரத்தில் கால் தடுமாறும்.

இரண்டாவது ஆள் என் மனைவி. முந்தைய முறைகளில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். "இன்னைக்குப் பிடிச்சீங்களா?" என்பாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அதற்கு முன் நான் எத்தனையோ பொய் சொல்லியிருந்தேன், அவள் வேறு என்ன செய்வாள்? இந்த முறை நானே போய்ச் சொன்னேன்: "நீ கேட்க வேண்டாம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நானே நோட்டைக் காட்டுறேன். பிடிச்சிருந்தாலும் எழுதியிருப்பேன். அன்னைக்குத் திட்டாம இருந்தா போதும்." அவள் யோசித்துவிட்டு, "திட்டமாட்டேன். ஆனா மறைச்சா பேசவே மாட்டேன்" என்றாள். சரி என்றேன். அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் வீட்டில் சிகரெட்டால் ஒரு சண்டைகூட வரவில்லை.

மூன்றாவது ஆள் டீக்கடை அண்ணன். அவர் கணக்கு நோட்டில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. டீயும் சிகரெட்டும் அதில் ஏறும், மாதம் பிறந்தால் கொடுப்பேன். கையில் காசு எடுக்காமலே சிகரெட் கிடைக்கிற வழி அது. குறித்த நாளுக்கு முதல் நாள் பாக்கி முழுவதையும் தீர்த்துவிட்டு, "அண்ணா, டீ மட்டும் எழுதுங்க. சிகரெட் நானே கேட்டாலும் கடனுக்குத் தராதீங்க" என்றேன். "அன்னைக்கு இல்லைன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது தம்பி" என்றார். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான்காவது ஆள், கூட டீ குடிக்கிற கூட்டத்திலிருந்து ஒருவர். கூட்டத்துக்கே பொதுவாகச் சொன்னால் கேலியில் முடியும். ஒருவரைத் தனியாகப் பிடித்து, "யாராவது எனக்கு நீட்டினா நீங்க குறுக்க விழுந்து தடுங்க" என்று கேளுங்கள். நம் ஊரில் சிகரெட் நீட்டுவது அன்பில் செய்வது. வேண்டாம் என்று நாமே மறுத்தால் கொடுத்தவர் முகம் வாடும், அதைப் பார்க்க முடியாமலே வாங்கிவிடுவோம். கூட்டத்திலிருக்கும் இன்னொருவர் "அவருக்கு வேண்டாம்பா" என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. டீக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நண்பர்களையும் சேர்த்து இழப்பது போலாகிவிடும். நிற்கிற இடத்தை மட்டும் மாற்றினேன். பற்றவைக்கத் தொங்கும் கயிற்றின் பக்கம் நிற்காமல், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.

இவர்களைத் தவிர ஒரு போன் எண்ணும் இருக்கிறது: 1800-11-2356. மத்திய அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் இது, கட்டணம் இல்லை. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. 2016-இல் டெல்லியில் தொடங்கினார்கள். இப்போது பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல மருத்துவமனையின் மையத்திலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். எப்போது விடப் போகிறீர்கள் என்று நாள் கேட்டு, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். 2018 செப்டம்பர் முதல் இந்த எண் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒன்றொன்றாக வாங்குகிறவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. நானும் பல ஆண்டுகள் பார்க்கவில்லை.

படி 4: முதல் பத்து நாள்

முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தலைவலி, கவனம் நிற்காமை, சிலருக்கு மலச்சிக்கல், வாய்ப்புண். பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். சோம்பும் காய்ந்த நெல்லிக்காயும் பையில் வைத்திருங்கள். மிட்டாய் வேண்டாம், எடை ஏறும்.

ஆசை வரும்போது வரிசையாக இதைச் செய்யுங்கள்: தண்ணீர் குடியுங்கள், பத்து முறை மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், இடத்தை விட்டு நகருங்கள், போன் பண்ணுங்கள். ஐந்து நிமிடம் போய்விடும்.

படி 5: ஒன்று பிடித்துவிட்டால்

பத்தொன்பதாம் நாள் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி, மண்டபத்துக்குப் பின்னால் ஒன்று பிடித்தேன். கையில் பாக்கெட்டும் வாங்கிவிட்டேன். பழைய நானாக இருந்தால், "போச்சு, எல்லாம் வீண்" என்று அந்தப் பாக்கெட்டை முடித்திருப்பேன். முதல் மூன்று முறையும் அப்படித்தான் முடிந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு மைத்துனனைக் கூப்பிட்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க மச்சான், மீதிப் பாக்கெட் எங்க இருக்கு?" என்றான். பையில் என்றேன். "போன வைக்காம அப்படியே குழாய்கிட்ட போங்க, நனைச்சுப் போடுங்க." நனைத்தேன். "இன்னைக்கு ஒண்ணு. நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?" என்றான். ஆறு மணிக்கு அழைத்தான். நோட்டில் "1" என்று எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி என் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை நான் பிடிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: ஒன்று பிடித்துவிட்டால் அன்றைக்கே, தூங்குவதற்கு முன், ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் அந்த இரண்டாவது நாளையும் சேர்த்து மறைக்கத் தோன்றும்.

பின்னர் சேர்த்தது: டீயால் வந்த படபடப்பு

இதைப் படித்துவிட்டுச் சிகரெட்டை விட்ட ஒருவர், நான்காம் நாளிலிருந்து நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை, சிகரெட் இல்லாததால்தானே என்று கேட்டிருந்தார். எத்தனை டீ என்று கேட்டேன். ஏழு. எனக்கும் இதே நடந்தது, எழுத மறந்துவிட்டேன். புகையில் உள்ள சில பொருட்கள், டீ, காபியில் இருக்கிற கஃபீனைக் கல்லீரல் சிதைக்கிற வேகத்தைக் கூட்டிவிடும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஏழு டீ உடம்பில் நெடுநேரம் தங்கிப் படபடப்பைத் தரும். டீ, காபியைப் பாதியாகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் படபடப்பு நீடித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் மனநல மருந்து எடுப்பவர்களும் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொரு சேர்க்கை: அப்பா பீடியை விட

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு அறுபது தாண்டியாச்சு, நாளுக்கு ரெண்டு கட்டு பீடி. ஒளிச்சு வெச்சாலும் வாங்கிடுறார். நான் என்ன செய்யணும்?"

ஒளித்து வைக்காதீர்கள்மா. அவர் வெளியே போய்ப் பிடிப்பார், உங்களிடம் பேசுவதும் குறையும். எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு. ஓராண்டு பிடிக்காமல் இருந்தாலே, பிடிக்கிறவரோடு ஒப்பிடும்போது இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அப்புறம் அவர் நல்ல மனநிலையில் இருக்கிற ஒரு காலை நேரத்தில், திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்து, மேலே உள்ள எண்ணை நீங்களே போட்டுப் போனை அவர் கையில் கொடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பீடியை விடவும் அதே எண்தான்.